ஒளித்தகட்டின் ஆயுள்

தேனியிலிருந்து கம்பம் செல்லும் நெடுஞ்சாலையில், நான் வாழும் பழனிசெட்டிபட்டியையும் அதனை அடுத்துள்ள வீரபாண்டியையும் கடந்து தெற்கே சென்றால், முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தால் செழித்த வயல்களின் நடுவே சின்னமனூர் என்னும் ஊரை அடையலாம். வரலாறு பயிலும் மாணவர்க்கு இவ்வூரின் பெயர் புதியதன்று. பாண்டிய மன்னர் வழங்கிய செப்பேட்டுத் தொகுதிகள் இரண்டு இங்கே கிடைத்தன. சின்னமனூர்ச் செப்பேடுகள் என்றே அவை பெயர் பெற்றன. அவற்றுள் பெரிய தொகுதி பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியன் காலத்தது. மதுரையில் சங்கம் வைத்த செய்தியையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கிய செய்தியையும் அது கூறுவதால், தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் அதனைக் குறிப்பிடாமற் செல்வதில்லை.

செம்புத் தகட்டில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டு கடந்தும் அழியவில்லை. ஆனால் அச்செப்பேட்டின் தமிழ்ப்பகுதி வட்டெழுத்தில் அமைந்தது. வட்டெழுத்து வழக்கொழிந்தபின் அதனைப் படிக்கத் தெரிந்தவர் நாட்டில் அருகிப் போயினர். தகடு இருந்தது, தகட்டைப் படிப்பார் இல்லை. கல்வெட்டு அறிஞர்கள் முயன்று அவ்வெழுத்தைக் கற்ற பிறகுதான் அதன் பொருள் மீண்டும் நமக்குக் கிட்டிற்று. ஆகவே எழுத்தைக் காப்பது என்பது ஒரு செயலன்று, இரண்டு செயல்கள். எழுதப்பட்ட பொருளைக் காத்தல் ஒன்று. அதனைப் படிக்கும் வழியைக் காத்தல் மற்றொன்று.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு தகட்டைப் பற்றி. சி.டி. என்றும் டி.வி.டி. என்றும் நாம் வழங்கும் ஒளித்தகடு அது. ஈழத்தமிழர் இதனை இறுவட்டு என்பர். இருபது ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளத்தாக்கில் இத்தகடு நுழையாத வீடு அருமை. இன்றோ கல்லூரியில் பயிலும் இளைஞர் பலர் இதனைக் கையால் தொட்டும் இருக்கமாட்டார். தோன்றி, பரவி, மறையத் தொடங்கிய வரலாறு முழுவதும் ஒரு தலைமுறைக்குள் முடிந்துவிட்டது. ஆனால் அத்தகடுகளில் பதிந்து வைத்தவை இன்னும் நம் வீட்டுப் பரண்களிலும் பள்ளி அலமாரிகளிலும் கிடக்கின்றன. அவற்றின் கதி என்ன என்பதே என் கேள்வி.

ஒலியைப் பிடித்து வைக்கும் கலை 1877ஆம் ஆண்டில் எடிசனின் உருளையோடு தொடங்கிற்று. பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தைக் கைக்கொண்டார். நாம் இசைத்தட்டு என்று வழங்கியது அதன் வழிவந்ததே. 1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கல்கத்தாவுக்கு வந்திருந்த ஒலிப்பதிவாளர்கள் இந்தியப் பாடகர்களின் குரலை இந்திய மண்ணிலேயே முதன்முதலாகத் தட்டில் பதிந்தனர். அத்தட்டுக்கு உடலாக அமைந்தது நம் நாட்டுக் காடுகளில் கிடைக்கும் அரக்கு. அரக்குத் தட்டிற்கு ஒரு பெருங்குறை இருந்தது. இரும்பு ஊசி பள்ளத்தில் உராய்ந்தாலன்றி ஒலி எழாது. உராயும்போதெல்லாம் பள்ளம் தேயும். விருப்பமான பாட்டே விரைவில் அழியும் என்பது எத்தகைய கொடுமை! வீட்டில் பெரியவர்கள் நல்ல தட்டைத் திருநாளன்று மட்டும் எடுத்து வைத்துக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

தொடாமல் படிக்க ஒரு கருவி வேண்டும் என்று அறிஞர்கள் எண்ணினர். 1960ஆம் ஆண்டில் தியோடர் மெய்மன் லேசர் ஒளியை உண்டாக்கிக் காட்டியபோது அந்த எண்ணத்திற்கு வழி பிறந்தது. சிதறாமல் ஒரு முனையிற் குவியும் அவ்வொளியே ஊசியின் வேலையைச் செய்யலாம். அமெரிக்கராகிய ஜேம்ஸ் ரசல் என்பார் ஒளியால் படிக்கும் பதிவு முறை ஒன்றிற்கு 1970ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1978இல் முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள படத்தட்டு அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தார் கைக்கடக்கமான ஒரு சிறு தகட்டைப் பொதுமக்கட்கு இயக்கிக் காட்டினர். பின்னர் ஜப்பானின் சோனி நிறுவனத்தாரோடு கூடி, 1980இல் அதன் அளவுகளையும் விதிகளையும் வகுத்தனர். 1982 ஆகஸ்டு 17ஆம் நாள் செருமனியில் ஹனோவர் நகரை அடுத்த லாங்கன்ஹாகன் ஆலையில் குறுந்தகடு அச்சாகத் தொடங்கிற்று. அக்டோபர் முதல் நாள் ஜப்பானில் அது கடைக்கு வந்தது. என்றென்றும் குறையாத ஒலி என்று விளம்பரம் செய்தார்கள். விளம்பரம் எழுதுவோர்க்கு ‘என்றென்றும்’ என்பது எளிய சொல்!

அத்தகட்டின் அமைப்பை அறிந்தால் அதனைக் காக்கும் முறை தானே விளங்கும். ஆதலின் இவ்விடத்தில் சற்று நின்று செல்வோம். குறுந்தகட்டின் அகலம் 12 சென்டிமீட்டர், பருமன் 1.2 மில்லிமீட்டர். அப்பருமனில் ஏறத்தாழ முழுவதும் பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கே. அதன் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் சுருள்வட்டமாக அமைந்துள்ளன. அச்சுருள் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்கிறது. நீட்டி அளந்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமனில் இத்தகைய சுற்றுகள் சுமார் நாற்பது அடங்கும். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் வானவில் தெரிகிறதன்றோ, அது இந்நெருக்கமான வரிகளின் விளையாட்டே. குழிகளின்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு; அதன்மேல் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அளவே உள்ள வார்னிஷ் போன்ற காப்புப் பூச்சு; அதற்கும் மேலே பெயர் அச்சிட்ட மை. லேசர் ஒளி கீழிருந்து பிளாஸ்டிக்கை ஊடுருவிச் சென்று, அலுமினியத்திற் பட்டு மீண்டு வந்து, குழி உண்டா இல்லையா என்று சொல்கிறது.

இதிலிருந்து ஒரு வியப்பான செய்தி பெறப்படுகிறது. நாம் எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தையே கண்ணைப்போற் காத்தோம். பெயர் எழுதிய மேற்பக்கத்தைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. உண்மை இதற்கு மாறானது. எழுத்து இருப்பது மேற்பக்கத்தை ஒட்டித்தான். அடிப்பக்கத்துக் கீறல் எழுத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. என் போன்றோர் அணியும் மூக்குக்கண்ணாடியில் ஒரு தூசு படிந்தால் புத்தகத்தின் எழுத்து மறைந்துவிடுவதில்லை. பார்வை தூசின்மேல் அன்றி எழுத்தின்மேல் குவிகிறது. லேசரும் அவ்வாறே. ஆனால் மேற்பக்கத்தில் ஒரு குண்டூசியால் கீறினால், காப்புப் பூச்சும் அலுமினியமும் ஒருங்கே பெயர்ந்து போகும். போன எழுத்தை மீட்கும் வழியே இல்லை. பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுவதும் ஒட்டிய சீட்டை உரித்தெடுப்பதும் இத்தகைய கேட்டையே விளைப்பன.

கீறல் எந்தத் திசையில் விழுகிறது என்பதும் முதன்மையானது. 1960ஆம் ஆண்டில் ரீட், சாலமன் என்னும் கணித அறிஞர் இருவர், செய்தியின் ஒரு பகுதி சிதைந்தாலும் எஞ்சிய பகுதியைக் கொண்டு அதனைத் திருத்திக்கொள்ளும் முறை ஒன்றைக் கண்டனர். குறுந்தகட்டில் அம்முறை பயன்படுகிறது. அடுத்தடுத்த செய்தியைத் தொடர்ச்சியாக எழுதாமல் இடம் மாற்றிக் கலைத்து எழுதியிருப்பதால், தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் ஒரேயடியாக அழிந்தாலும் கருவி கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். நடுவிலிருந்து விளிம்புக்குச் செல்லும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு புள்ளியில் மட்டுமே வெட்டுகிறது, அது பொறுக்கத்தக்கது. வட்டத்தை ஒட்டியே வளையும் கீறலோ ஒரே தடத்தை நெடுந்தூரம் அழித்துவிடும். ஆகவே தகட்டை ஒருபோதும் தட்டைத் துலக்குவதுபோல் வட்டமாகத் துடைத்தல் கூடாது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கரும்பலகையைத் துடைப்பதற்கும் எங்களுக்கு முறை கற்பித்தார்கள்: மேலிருந்து கீழாகத் துடைத்தால் சுண்ணத்தூள் பறவாது என்பார்கள். அன்று அதனைக் கேட்டுச் சிரித்த நண்பர்கள் உண்டு. துடைப்பதிலும் திசை உண்டு என்பதை அத்தகடும் எனக்கு நினைவூட்டியது.

இதுவரை சொன்னது ஆலையில் அச்சிட்ட தகடு. வீட்டிலும் கடையிலும் நாமே பதிவு செய்துகொண்ட தகடு பிறப்பிலேயே வேறு இனத்தது. 1988இல் ஜப்பானியர் உருவாக்கிய அம்முறையில் குழிகள் இல்லை. சாயப் பூச்சு ஒன்று உண்டு. பதிவு செய்யும் லேசர் அச்சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு நிறம் மாற்றுகிறது. அச்சிட்ட தகட்டை எழுத்தாணியாற் கீறிய ஓலை என்றால், பதிவு செய்த தகட்டை மையால் எழுதிய தாள் எனலாம். கீறல் எளிதில் மாயாது. மையோ வெயிலில் வெளிறும். சாய வேட்டியைச் சன்னலோரத்தில் ஒரு கோடை முழுதும் தொங்கவிட்டால் என்னவாகும் என்பது நம் தாய்மார் அறிந்ததே. பதிவுத் தகடுகள் பலவற்றிற்கு அலுமினியத்திற்குப் பதிலாக வெள்ளிப் பூச்சு இட்டனர். வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பதுபோல் கந்தகம் கலந்த காற்றால் அதுவும் கறுக்கும். டி.வி.டி.யில் 0.6 மில்லிமீட்டர்த் தகடு இரண்டை ஒட்டி, எழுத்தை நடுவே வைத்திருப்பதால் மேற்கீறல் பற்றிய அச்சம் குறைவு. ஆனால் வளைத்தால் ஒட்டு விடும். பெட்டியின் நடுமுளையிலிருந்து தகட்டை இழுத்து வளைத்து எடுக்கும் பழக்கம் அதற்குப் பகை. அதன்பின் 2006இல் வந்த புளூரே தகடு நம் ஊர்ப்புறங்களில் அதிகம் வழங்காமையின் அதனை விடுகிறேன்.

நம் நாட்டில் இத்தகடு பரவிய கதை சுவையானது. படத்தகடாகிய வி.சி.டி.க்கு 1993இல் விதி வகுத்தனர். மேலைநாடுகளைவிட ஆசிய நாடுகளிலேயே அது பெரிதும் வழங்கிற்று. தில்லியை அடுத்த நொய்டாவில் தொழில் நடத்திய மோசர் பேயர் நிறுவனம் உலகின் பெரிய ஒளித்தகட்டு உற்பத்தியாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2007ஆம் ஆண்டளவில் அந்நிறுவனம் திரைப்பட வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் மளிகை வாங்கச் சென்றவர்கள் பையில் ஒரு படத்தையும் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். பத்தாண்டு சென்றது. கைப்பேசியும் இணையமும் வந்தன. 2018இல் அந்நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்குமாறு ஆணை பிறந்தது. திரைப்படம் போனால் போகட்டும். அதன் மூலப்படி வேறிடத்தில் இருக்கும். ஒரே ஒரு படி மட்டும் எடுத்து வைத்த தகடுகளைப் பற்றியே நாம் எண்ண வேண்டும். திருமணம், காதணி விழா, பள்ளி ஆண்டுவிழா, பாட்டியின் பேச்சு ஆகியவற்றுக்கு மூலப்படி எங்கே இருக்கிறது?

உலகத்தார் பெற்ற பட்டறிவு நமக்கு உதவும். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரத்து ஆலை ஒன்றில் அச்சான குறுந்தகடுகள் பல, விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல வெண்கல நிறம் பாய்ந்து கெட்டன. காப்புப் பூச்சு தரமற்றிருந்தது. உறைத்தாளில் இருந்த கந்தகம் அதனை ஊடுருவி உள்ளிருந்த உலோகத்தைத் தின்றுவிட்டது. 2001ஆம் ஆண்டில், வெப்பமும் ஈரமும் மிகுந்த மத்திய அமெரிக்க நாடாகிய பெலீசிலிருந்து வந்த தகடு ஒன்றை ஸ்பானிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். ஒருவகைப் பூஞ்சை விளிம்பு வழியே புகுந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அரித்திருக்கக் கண்டனர். ஆனி ஆடியில் மேற்கு மலையிலிருந்து காற்றும் சாரலும் ஒன்றாய் இறங்கும் நம் பள்ளத்தாக்கில், தோல் செருப்பின்மேல் பூஞ்சை படர்வதைக் கண்டவர்க்கு இச்செய்தி வெறுங்கதையாகத் தோன்றாது.

மூன்றாவது நிகழ்ச்சியைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் வில்லியம் தன் நாட்டின் நிலங்களையும் குடிகளையும் கணக்கெடுத்து ஒரு பேரேடு எழுதுவித்தான். டூம்ஸ்டே ஏடு என்பது அதன் பெயர். ஆட்டுத்தோலில் எழுதிய ஏடு அது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடுமுகத்தான், பி.பி.சி. நிறுவனத்தார் 1986இல் புதிய கணக்கெடுப்பு ஒன்றை வெளியிட்டனர். பள்ளி மாணவர் உள்ளிட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் ஊரைப் பற்றி எழுதினர், படம் எடுத்தனர். அனைத்தையும் இரண்டு பெரிய ஒளித்தகடுகளிற் பதிந்தனர். அத்தகட்டை ஓட்ட அதற்கென்றே செய்த கருவியும் ஒருவகைக் கணினியும் வேண்டும். அவற்றின் விலையோ பள்ளிகள் பலவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கருவிகள் சந்தையிலிருந்து மறைந்தன. தகடுகள் கெடவில்லை, ஆனால் படிக்கும் பொறியைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பழைய கணினியைப்போல் நடிக்கும் நிரல் ஒன்றை 2002இல் ஆக்கி, அவற்றைத் திறந்து காட்டினர். ஆட்டுத்தோல் ஏடோ தொள்ளாயிரம் ஆண்டு கடந்தும் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் படிக்கத்தக்க நிலையில் உள்ளது. வட்டெழுத்தின் கதை ஆங்கிலேயர்க்கும் நேர்ந்தது. ஆனால் நூற்றாண்டுகளில் நேர்ந்தது பதினைந்து ஆண்டில் நேர்ந்தது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின், 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டு, பதிவுத் தகடுகளை நம்பி ஆவணங்களை வைப்பதிலுள்ள இடர்களைக் காப்பகங்களுக்கு எடுத்துரைத்தது. நம் தமிழகத்திலும் முன்யோசனை இல்லாமற் போகவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில், அந்நூல்களை நுண்படச் சுருளில் எடுக்கும் பணி நடைபெற்றது. ஊரெங்கும் குறுந்தகட்டைப் புகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. படச்சுருளைப் படிக்க ஒரு விளக்கும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். அவ்வெளிமையே அதன் வலிமை என்பது என் கருத்து.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே குறிக்கலாம். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், 2004ஆம் ஆண்டளவில், மேல்வகுப்பு மாணவர்கள் தம் ஊர்ப் பெண்கள் பாடும் நடவுப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் ஒலிநாடாவிற் பதிந்து வந்தனர். அப்பொழுது நாற்று நடும் எந்திரம் இப்பக்கத்து வயல்களுக்கு வரவில்லை. வரிசையாகக் குனிந்து நட்ட பெண்களுள் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். நாடா அறுந்துபோகும் என்று அஞ்சி, ஒரு கடையில் கொடுத்து அப்பாட்டுகளைக் குறுந்தகடுகளில் ஏற்றி வாங்கினோம். கடைக்காரர் மலிவான தகடுகளைத் தந்ததோடு, ஒவ்வொன்றின்மேலும் வண்ணச் சீட்டு ஒட்டியும் கொடுத்தார். பார்வைக்கு அழகாகவே இருந்தன.

ஓய்வு பெற்றபின் பழைய மாணவர் ஒருவர் துணையோடு அவற்றை மீண்டும் இயக்கிப் பார்த்தேன். பதினெட்டுத் தகடுகளுள் பத்து முழுமையாகப் பாடின. ஐந்து இடையிடையே திக்கின. விளிம்பை நெருங்க நெருங்க, அதாவது பதிவின் பிற்பகுதியில், திக்கல் மிகுந்தது. மூன்று வாயே திறக்கவில்லை. சீட்டின் பசை காய்ந்து சுருங்கி, காப்புப் பூச்சைத் தன்னோடு இழுத்துக்கொண்டு எழும்பியிருந்தது. திக்கிய தகடு ஒன்றில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் தாயிடம் கற்ற தாலாட்டு இருந்தது. அவ்வம்மையார் இன்றில்லை. அவர் பேத்தியர் அப்பாட்டின் முதலிரண்டு அடிகளை மட்டும் அறிவர். கணினியில் மிகக் குறைந்த வேகத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டியும், வேறு வாசிப்பான் ஒன்றில் இட்டும், அத்தகட்டிலிருந்து ஏறத்தாழ முக்கால் பங்கை மீட்டோம். ஒரு வாசிப்பான் மறுத்த இடத்தை மற்றொன்று படித்தது. தகடு பாடவில்லை என்று ஒருமுறை கண்டவுடன் அதனைக் குப்பையில் எறிதல் தகாது என்பதை அன்று நேரில் கண்டேன்.

சங்க நூல்களை முதன்முதல் எழுதிய ஓலைகளுள் ஒன்றேனும் இன்று நம்மிடம் இல்லை. வசம்பும் மஞ்சளும் பூசினும் நம் வெப்ப நாட்டில் ஓலையின் ஆயுள் இருநூறு முந்நூறு ஆண்டுகளே. நூல்கள் நிலைத்தது ஓலை நிலைத்ததால் அன்று. ஓலை முதிருமுன் எவரோ ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால். எழுதாமல் விட்டவை செல்லுக்கு இரையாயின. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததும், முதிர்ந்த ஏடு முற்றும் உதிருமுன் அதனை அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்பதற்காகவே. ஒளித்தகட்டிற்கும் அத்தகைய பெயர்த்தெழுதும் வேளை வந்துவிட்டது. 2000 முதல் 2010 வரை எடுத்த பதிவுகள் இன்று பதினைந்து இருபத்தைந்து வயதை எட்டியுள்ளன. புதிய கணினிகளில் தகடு இடும் வாயே காணப்படுவதில்லை. எழுத்தும் தேய்கிறது, படிக்கும் பொறியும் மறைகிறது.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுத் தகடுகளைக் கையாளும் முறையை இனிச் சொல்லி முடிக்கிறேன். தகட்டை விளிம்பையும் நடுத்துளையையும் பற்றியே எடுக்க வேண்டும். பெட்டியின் நடுமுளையை ஒரு விரலால் அழுத்தினால் தகடு தானே விடுபடும். முதலில் அதனை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைபோல் ஒளிப்புள்ளிகள் தெரிந்தாலும், விளிம்பில் பழுப்பு நிறம் ஏறியிருந்தாலும், அத்தகட்டிற்கே முதலிடம் தருக. தூசு இருந்தால் ஊதிவிடலாம். எச்சில் தெறிக்க ஊதுதல் கூடாது. விரற்சுவடு இருந்தால் பழகிய மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்கலாம். போகாத அழுக்கிற்குத் தூய நீரும், வேண்டுமாயின் ஒரு துளி மென்மையான சோப்பும் போதும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சை அழிக்கும் நீர் ஆகியவை பிளாஸ்டிக்கைக் கெடுப்பன. அவற்றை அருகில் கொணர வேண்டா. பற்பசை தேய்த்தால் கீறல் மறையும் என்று சொல்வோர் உண்டு. மேலோட்டமான கீறல் சிலபோது மழுங்கும். புதிய கீறல் பல தோன்றும். அருமையான பதிவில் அந்தச் சோதனை வேண்டா. முன்பே ஒட்டிய சீட்டை உரிக்கவும் வேண்டா. தூசு தட்டியபின் தகடு படிக்குமாயின், வேறு எதுவும் செய்யாமல் முதலில் படியெடுத்துக்கொள்வதே நன்று.

வைக்கும் இடத்தைப் பற்றி: அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, 20 டிகிரிக்குக் குறைந்த வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும் என்கிறது. சித்திரை வெயிலில் நம் வீட்டில் இது நடவாத செயல். அதற்காகக் குளிர்ப்பெட்டியில் வைக்க முற்பட வேண்டா. வெளியே எடுத்ததும் பனித்துளி படியும். வெப்பமும் ஈரமும் அடிக்கடி ஏறி இறங்குவதே பெருங்கேடு. மேற்கு வெயில் காயும் சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியைவிட, வீட்டின் நடு அறையில் தரைக்கு மேலே உள்ள மர அலமாரி மேலானது. தகடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தல் கூடாது. தனித்தனிப் பெட்டியில், புத்தகம்போல் நிமிர்ந்து நிற்க வேண்டும். ரப்பர் வளையத்தால் கட்டுதல், செய்தித்தாளில் சுற்றுதல் இரண்டும் ஆகா. பெயர் எழுதுவதாயின் பெட்டியின்மேல் எழுதுக. தகட்டின்மேல் எழுதியே ஆகவேண்டுமானால், நீர் கலந்த மையுள்ள மென்முனைப் பேனாவால் நடுத்துளையைச் சூழ்ந்த தெளிந்த வளையத்தில் எழுதலாம். அங்கே பதிவு இல்லை.

படியெடுப்பதற்குக் கணினியோடு வெளியிலிருந்து இணைக்கும் தகட்டு வாசிப்பான் இன்னும் கணினிக் கடைகளிற் கிடைக்கிறது. ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். படியெடுத்ததைக் கணினியில் ஒன்றும், தனி வன்தட்டில் ஒன்றும், வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். கோப்பின் பெயரில் பாடியவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். எங்கள் பதினெட்டுத் தகடுகளுள் இரண்டில் குரல் தெளிவாக இருந்தும், பாடியவர் யார் என்று சொல்ல இன்று எவரும் இல்லை. ஒரு தகட்டைப் படியெடுக்கக் கால்மணியிலிருந்து அரைமணி நேரம் ஆகும். திக்கும் தகட்டிற்கு ஓர் இரவும் ஆகலாம். கோடை விடுமுறையில் தொடங்கினால், ஆனிச் சாரல் இறங்குமுன் ஒரு வீட்டுப் பெட்டியை முடித்துவிடலாம்.